டைம் ஆபீஸ்காரன் அடித்த கள்ளப் பஞ்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் கடிதப் பகுதியில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் நேரத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருளை ஆதரித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். "ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குக் கடிகாரத்தைக் கண்டு என்ன பயம்?" என்று கேட்டிருந்தார். இதே கேள்வியை நானும் முப்பத்து நான்கு வருடம் கேட்டவன்தான். கோவையில் ஒரு நூற்பாலையில் 1979இல் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, 2013இல் ஓய்வு பெற்றேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் அவருக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்கு மாதமாக, திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 3.40இலிருந்து 3.55 வரை நான் கள்ளப் பஞ்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மில் பக்கம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது பித்தளை டோக்கன்தான். ஆளுக்கொரு எண் வெட்டிய வில்லை. உள்ளே வருகிறவர் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அப்புறம் கார்டு கடிகாரம் வந்தது. கார்டைச் செருகிக் கைப்பிடியை அழுத்தினால் 'டங்'கென்று நேரம் பதியும். முதல் ஷிப்ட் காலை ஏழு மணி. சங்கு ஊதி ஐந்து நிமிடம் தாண்டினால் நேரம் சிவப்பு மையில் விழும். வராத கூட்டாளியின் கார்டை இன்னொருவர் அடித்தால் அதற்குப் பெயர் கள்ளப் பஞ்ச். டைம் ஆபீசில் அதைவிடப் பெரிய குற்றம் எங்களுக்குத் தெரியாது.

1986இல் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவராக, இருந்த ஒருவரின் கார்டை அவருடைய கூட்டாளி அடிப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மனைவியைப் பிரசவத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் வந்துசேர முக்கால் மணி தாமதம். "இந்த ஒரு தடவ விட்டுருங்க சாமி" என்று கும்பிட்டார். நான் விடவில்லை. ரிப்போர்ட் எழுதினேன். மில்லின் ஒழுங்கு விதிகளான நிலையாணைப்படி நாலு நாள் வரை சஸ்பெண்ட் செய்யலாம். இருவருக்கும் முழுசாக நாலு நாளும் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்த வாரத்தில் அவருக்கு நாலு நாள் கூலி இல்லை. அதன்பின் ஓய்வு பெறும் வரைக்கும் அவர் என்னிடம் பேசியதெல்லாம் "வணக்கமுங்க" ஒன்றுதான்.

அப்படிப்பட்ட நான் இப்போது செய்வது இது. என் மருமகள் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். டாக்டரின் குறிப்பைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. கம்பெனி சென்னையில், அவள் எங்கள் வீட்டு ஹாலில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மடிக்கணினியோடு ஊருக்கு அனுப்பினார்கள். இங்கே என்.டி.சி. என்கிற தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்களில் சங்கு நின்றதும் அதே மாதம்தான். அவை மறுபடி பழையபடி ஓடவில்லை. இவளும் திரும்பிப் போகவில்லை. கம்பெனிக்கு ஆபீஸ் வாடகை மிச்சம், இவளுக்கு ஹாஸ்டல் வாடகை மிச்சம் என்று எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். போன வருடம்தான் அந்த மென்பொருளை ஏற்றினார்கள்.

அது ஒவ்வொரு பத்து நிமிடத்தையும் ஒரு கட்டமாக்கி, அதற்குள் விசைப்பலகையை எத்தனை முறை தட்டினாள், மவுஸ் எவ்வளவு அசைந்தது என்று எண்ணுகிறது. கட்டம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் 'ஐடில்', அதாவது சும்மா இருந்தாள், என்று எழுதிக்கொள்ளும். பேரனின் பள்ளி வேன் தெருமுனைக்கு 3.40க்கு வரும். பெரியவர்கள் யாராவது வந்து நின்றால்தான் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். டீ பிரேக் எப்போது என்பதை டீம் லீடர் தீர்மானிக்கிறார்; அது நாலரை மணிக்கு. இரண்டு மாடி இறங்கித் தெருமுனை வரை போய்வர என் முழங்காலுக்கு அரைமணி ஆகும். ("உங்க முட்டிக்கு எங்க புக்குல எம் 17.11ன்னு நம்பர் மாமா. வலது முட்டி தேய்மானம்" என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரு டோக்கன் எண் கிடைத்துவிட்டது.) ஆகவே அவள் ஓடுகிறாள். நான் அவள் நாற்காலியில் உட்காருகிறேன்.

"கிளிக் மட்டும் பண்ணிராதீங்க மாமா. சும்மா வட்டம் போட்டுட்டே இருங்க" என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தாள். மாவு ஆட்டுகிற மாதிரி வட்டம் போட்டேன். திரையில் ஒரு சின்ன அம்புக்குறி என் கையோடு சுற்றிச் சுற்றி வந்தது. பதினைந்து நிமிடத்தில் ஒன்றரைக் கட்டம் பச்சையானது. அவள் நோயாளியின் கோப்பைத் திறந்துவைத்துவிட்டுப் போவதில்லை. அது வேலைக்கே உலை. குறியீட்டுப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். எழுந்து போனால் திரையைப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அடுத்தவர் கண்ணில் நோயாளியின் விவரம் படக்கூடாது என்பதற்காக. நல்ல விதி. ஆனால் பூட்டினால் ஐடில் விழும். ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொரு விதியை மீறி, சம்பந்தமே இல்லாத ஒரு கிழவனை அந்தத் திரை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நடுவில் சில நாள் என் கைக்கும் ஓய்வு கிடைத்தது. திருச்சியிலிருந்து வேலை பார்க்கும் அவளுடைய தோழி வாட்ஸாப்பில் ஒரு உபாயம் சொன்னாள்: முள் ஓடுகிற கைக்கடிகாரத்தின் மேல் மவுசை வைத்தால், நொடிமுள் நகர்வதை மவுஸ் தன் அசைவாக எடுத்துக்கொள்ளுமாம். 25 வருட சர்வீசுக்காக மில்லில் எனக்குக் கொடுத்த எச்.எம்.டி. வாட்சைச் சாவி கொடுத்து, அதன் மேல் வைத்துப் பார்த்தோம். திக்கித் திணறி, அம்பு அசைந்தது! நேரம் எழுதிய சர்வீசுக்குக் கொடுத்த பரிசு இந்த வேலைக்கா பயன்பட வேண்டும் என்று நாலாம் நாள் எடுத்துவிட்டேன். மவுசைத் தானாக ஆட்டுவதற்கென்றே ஒரு சின்னத் தட்டு ஆன்லைனில் விற்கிறதாம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களை, விசைப்பலகையில் வேலை நடப்பது போலக் காட்டினார்கள் என்று வெளியே அனுப்பியது செய்தியாக வந்தது. பெரிய வங்கியிலும் கள்ளப் பஞ்ச்தான்.

இனி அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஒழுங்காக வேலை செய்கிறவளுக்கு என்ன பயம்?

மருமகளின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய குறிப்பு வரும். சில நேரம் நாற்பது பக்கம். என்ன நோய், எந்தப் பக்கத்துக் கால், முதல் தடவையா, தொடர் சிகிச்சையா, கூடவே சர்க்கரை உண்டா என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். படித்து முடித்து அவள் தட்டுவது ஐந்து எழுத்து, ஆறு எழுத்து, மிஞ்சினால் ஏழு. ஒரு எழுத்து தவறினால் இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பிவிடும். அவள் கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் உண்மையில் வேலை நடக்கிற நேரம். மென்பொருளுக்கு அது சிவப்புக் கட்டம்.

எங்கள் மில்லில் இதற்கு நேர் உதாரணம் உண்டு. ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் நூல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் சைடர் நிதானமாக நடந்து பார்த்துக்கொண்டிருப்பார். பஞ்சு சரியில்லை, காற்றில் ஈரப்பதம் சரியில்லை, பிரேமைச் சுத்தமாக வைக்கவில்லை என்றால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி ஒட்டிக்கொண்டிருப்பார். கை அசைவை எண்ணிச் சம்பளம் போட்டிருந்தால் மில்லிலேயே மோசமான பிரேமுக்குத்தான் முதல் பரிசு போயிருக்கும். எந்த மேஸ்திரியும் அப்படி எண்ணியதில்லை. ஆள் இருந்த நேரத்துக்கு என் கார்டு. ஓடிய நூலுக்குப் பிரேமில் இருந்த ஹேங்க் மீட்டர். இரண்டும் தனித்தனி. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணக்குப் போட்டால் மறுநாள் சங்கம் கேட்டில் நிற்கும். இந்த மென்பொருள் கணக்கெடுப்பது நேரத்தையும் இல்லை, நூலையும் இல்லை. மணிக்கட்டு அசைவை.

சரி, நம்ப மாட்டீர்கள் என்று நானே ஒரு மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, போட்டேன். பழைய பழக்கம் விடுமா? நீள நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு கிழித்து, ஒரு மாதம் முழுக்க மருமகளின் வரத்தையும் போக்கையும் எழுதினேன். அவளுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் கொஞ்சம் எரிச்சல். "ஏற்கெனவே ஒருத்தன் பாத்துட்டிருக்கான், நீங்களுமா மாமா?" என்றாள். கடைசியில் அவளே ராத்திரி நேரத்தைச் சொல்லி எழுதச் சொன்னாள்.

வேலை நாள் 22. ஷிப்ட் ஒன்பதிலிருந்து ஆறு வரை. இடையில் ஒரு மணி நேரம் பிரேக். ஆனால் தினமும் 8.45க்கு டீம் கூட்டம்; வராவிட்டால் போன் வரும். மென்பொருளோ ஒன்பது மணிக்குத்தான் கண் விழிக்கிறது. இருபத்திரண்டு கால்மணி, ஐந்தரை மணி நேரம். மாலையில் ஆடிட்டில் திரும்பி வந்த கோப்புகளைச் சரிசெய்து அன்றைக்கே அனுப்ப வேண்டும்; "உன் தப்பை நீதானே திருத்தணும்" என்பது அவர்கள் நியாயம். அப்படிப் பதின்மூன்று நாள் உட்கார்ந்தாள், பெரும்பாலும் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்து, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே. ஆறு மணிக்கு மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும், ஆகவே அதில் ஒரு கட்டமும் ஏறவில்லை. என் நோட்டில் 14 மணி 10 நிமிடம். மொத்தம் 19 மணி 40 நிமிடம், ஒரு காசும் இல்லாமல்.

அதே மாதம் மென்பொருள் அவள் பெயரில் எழுதிய ஐடில் 31 மணி. ஒரு நாளைக்கு ஒன்றே கால், ஒன்றரை மணி. அந்த மாதம் அவள் எண்ணிக்கையில் இலக்கை முடித்திருந்தாள்; தரம் 97 சதவீதம், கம்பெனி கேட்பது 95. ஆனாலும் 'ஆக்டிவிட்டி குறைவு' என்று மெயில் வந்து, 1,800 ரூபாய் இன்சென்டிவ் போயிற்று. எப்படிக் கணக்குப் போட்டீர்கள், அந்தப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டாள். அது மேனேஜர்கள் மட்டும் பார்க்கக்கூடியது என்று பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. கடிகாரம் வைத்ததற்கு நான் கோபப்பட மாட்டேன். என் வயிற்றுக்குச் சோறு போட்டது கடிகாரம். கடிகாரத்தை ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரி சுவரில் திருப்பி வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான்.

எங்கள் காலத்தில் நேரத்தை எழுதுவது நிர்வாகம், தொழிலாளி இரண்டு பேருக்கும் பொதுவான சாட்சி. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் 59ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் இரட்டைக் கூலி. தாண்டியதை எதை வைத்து நிரூபிப்பது? நான் எழுதிய கார்டை வைத்துத்தான். வேலை நேர அறிவிப்பு கேட்டில் தொங்க வேண்டும். ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. எங்கள் கேட்டில் தமிழில் தொங்கியது. வெற்றிலை வாயோடு ஒருவர் அதைப் படித்துக்காட்டி என்னோடு சண்டை போட முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1981இல் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தர ஆள் வராத நாளில் அவருக்குப் பதிலாக நிற்கும் பதிலித் தொழிலாளிகள் அந்த 480ஐத் தாலிக்கொடி போலப் பார்த்துக்கொண்டார்கள். கோயில் காலண்டரில் புள்ளி வைப்பவர்கள் உண்டு, டைரி வைத்தவர்கள் உண்டு. ஒரு பதிலி வந்து, "என் டைரில 483 இருக்குதுங்க" என்றார். என் பேரேட்டில் 471. நான் பேரேட்டைத்தான் நம்பினேன். நான் எழுதியது தப்பாகுமா? அவர் விடவில்லை. மேனேஜர் சொல்லி, பழைய கார்டுக் கட்டுகளைப் பிரித்தோம். அதே பெயரில் இன்னொருவர் இருந்தார், இனிஷியல் மட்டும் வேறு. பன்னிரண்டு நாள் அவர் கணக்கில் ஏறியிருந்தது. எழுதினவன் நான்தான். அவரிடம் அந்த டைரி இல்லாவிட்டால் அந்த ஆள் இன்னும் எத்தனை மாதம் பதிலியாக அலைந்திருப்பாரோ.

என் மருமகளிடம் டைரி இல்லை. மென்பொருள் தப்பே செய்யாது என்று எந்தத் தெய்வம் வரம் கொடுத்தது?

நேரத்தைக் கணக்கெடுப்பதே தப்பு என்று நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். திருப்பூரில் என் தங்கை மகன் பனியன்களுக்குப் படம் வரைகிறவன். அப்வொர்க் என்ற இணையதளம் மூலம் வெளிநாட்டுக்காரர்களுக்கும் மணிக்கணக்கில் வேலை செய்து கொடுக்கிறான். அதிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம்; ஒவ்வொரு கட்டத்துக்கும் திரையை ஒரு படம் பிடித்து வைக்கும். கேட்டவுடன் எனக்குத் திக்கென்றது. அவனோ, "மாமா, அது இல்லன்னா நான் வேல செஞ்சேன்னு யாரு நம்புவா?" என்றான். அவனுடைய கட்டங்கள் அவன் கண் முன்னாலேயே இருக்கின்றன. வேண்டாத படத்தை அவனே அழித்துவிடலாம். அழித்தால் அந்தப் பத்து நிமிடக் காசு கிடையாது, அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்தாலும் மணி ஓடும், கூலியும் ஓடும். அவன் மாதிரி சுயமாகத் தொழில் செய்கிறவனும் மாதச் சம்பளக்காரியும் ஒன்றில்லைதான். ஆனால் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கருவி அவனுக்கு மஸ்டராகவும் இவளுக்கு ஒட்டுக்கேட்பாகவும் ஆகியிருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஐரோப்பாவில் நடந்த ஒரு வழக்கைப் படித்தபோது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. ஸ்பெயினில் ஒரு தொழிற்சங்கம், ஜெர்மன் வங்கி ஒன்றின் அங்குள்ள கிளையின் மேல் வழக்குப் போட்டது. கோரிக்கை என்ன தெரியுமா? ஊழியர்களின் வேலை நேரத்தைத் தினமும் பதிவு செய் என்பது! கடிகாரம் வேண்டும் என்று கேட்டது சங்கம். வேண்டாம் என்றது வங்கி. 2019 மே 14 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. தினசரி நேரத்தை அளக்கும் நம்பகமான ஏற்பாடு இல்லையென்றால் ஓவர்டைம் எவ்வளவு என்று தொழிலாளியால் நிரூபிக்கவே முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்பெயினில் இதற்கான சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பதிவை நான்கு வருடம் வைத்திருக்க வேண்டும்; தொழிலாளியும், சங்கமும், தொழிலாளர் துறை ஆய்வாளரும் கேட்டால் காட்ட வேண்டும். நான் அங்கே பிறந்திருந்தால் இன்னும் பத்து வருடம் வேலை பார்த்திருப்பேன் போல.

மறுபக்கத்தையும் கேட்காமல் எழுதக் கூடாது என்று, மில்லில் என்னோடு இருந்த நண்பரின் மகனிடம் பேசினேன். இருபது பேரை வீட்டிலிருந்தே வேலை வாங்கும் சின்னக் கம்பெனி நடத்துகிறார். "அங்கிள், ஒரு பையன் ஒரே நேரத்துல ரெண்டு கம்பெனில சம்பளம் வாங்கிட்டிருந்தான். எனக்கு ஆறு மாசம் தெரியல. நான் என்ன பண்றது?" என்றார். நியாயம்தான். வேலை வராமல் சம்பளம் மட்டும் வாங்குகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் "அந்தப் பையனை மென்பொருள் கண்டுபிடித்ததா?" என்று கேட்டேன். இல்லையாம். அவன் கட்டங்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தனவாம். கொடுத்த வேலை மூன்று வாரம் பிந்தியபோது டீம் லீடர்தான் கூப்பிட்டு விசாரித்துப் பிடித்தார்.

நம் மாநிலத்தில் 1947ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. அது எழுதப்பட்ட காலத்தில் நிறுவனம் என்றால் ஒரு கதவு, ஒரு பெயர்ப் பலகை, ஆய்வாளர் வந்தால் உட்கார ஒரு நாற்காலி. எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு எந்த ஆய்வாளர் வரப்போகிறார்? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது ஊரே கொதித்தது. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அது தொழிற்சாலைக்கு, சட்டமாக வந்ததால் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் காலையில் கால்மணியும் மாலையில் ஒரு மணியுமாக நுழைவது எந்தச் சட்டமன்றத்துக்கும் வரவில்லை.

ஆகவே தொழிலாளர் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பவரின் நேரத்தை எந்தக் கம்பெனி எந்தக் கருவியால் எழுதினாலும், எழுதியதில் ஒரு நகல் அன்றன்றைக்கே அவர் கைக்கும் போக வேண்டும். கணக்குப் போடும் விதியை முன்கூட்டியே, புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். கருவி ஒன்பது மணிக்குக் கண் திறந்தால், 8.45க்குக் கூட்டம் வைக்கக் கூடாது; வைத்தால் 8.45க்கே திறக்க வேண்டும். மாலையிலும் அப்படியே. அப்புறம், மவுஸ் அசைவைக் காட்டிச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இவை மில்லில் எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கே இருந்த உரிமைகள். எம்.எஸ்ஸி. படித்து, கோடிங் தேர்வும் எழுதி முடித்த பெண்ணுக்கு இல்லை என்றால் எப்படி?

அந்த 1986 ஆளைப் போன மாதம் வரதராஜபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அன்று பிறந்த பிள்ளைக்கே இப்போது கல்லூரி போகிற மகள் இருக்கிறாளாம். பந்தியில் பக்கத்து இலை. மவுசை ஆட்டும் கதையை அவரிடம் சொன்னேன். சொல்லித் தொலைக்க வேண்டும் போல இருந்தது. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே முழுசாகக் கேட்டார். "எத்தன நாள் சஸ்பெண்டுங்க?" என்றார்.

கடைசியாக உங்கள் நாளிதழின் மேலேயே ஒரு சின்ன வருத்தம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளின் பட்டியலை நீங்கள் வெளியிடுகிறீர்கள். அதை வெட்டிப் படம் எடுத்து அனுப்பினால்தான் மருமகளின் கம்பெனியில் அன்றைய நேரத்தை ஐடிலில் சேர்க்காமல், சனிக்கிழமை ஈடுசெய்ய விடுவார்கள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. போன மாதம் பட்டியலில் பக்கத்துத் தெருக்கள் எல்லாம் வந்திருந்தன, எங்கள் தெரு விட்டுப்போயிருந்தது; மின்சாரம் என்னவோ எங்கள் தெருவிலும்தான் போயிற்று. அந்த அரைநாள் விடுப்பில் கழிந்தது. இந்த மாதம் தெருப் பெயர்களை ஒருமுறை சரிபார்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவின் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அதையும் என் பெயரையும் இந்தக் கடிதத்தோடு வெளியிட வேண்டாம். மருமகளின் வேலை நிலைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ் கிளார்க்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.